சம்பளச் சீட்டே முதல் பாடம்: தொழிலிடத்தில் மொழியும் எழுத்தும் கணக்கும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம் பாலாறு. வேலூர்ப் பக்கம் ஓடுகிற பாலாறு வேறு. இது மாதேஸ்வரன் மலைக்காடுகளை ஒட்டி ஓடிவந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பகுதியில் காவிரியோடு சேர்கிற சிற்றாறு. 1993 ஏப்ரலில் வீரப்பன் ஆட்கள் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்ததால்தான் வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். இந்தப் பகுதி அரசு வரைபடத்தில் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. கர்நாடகப் பக்கம் அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் அதிலிருந்து சாமராஜநகர் தனியாகப் பிரிந்தது. மக்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். கோபிநத்தம், ஆலம்பாடிப் பக்கம் வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம். சோளகர் பழங்குடியினருக்குத் தங்கள் பேச்சு. வங்கிப் படிவத்தில் ஆங்கிலமும் இந்தியும்.

இங்குள்ளவர்கள் செய்கிற வேலைகளைப் பாருங்கள். கல் குவாரி, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, நீர்த்தேக்கத்தில் பரிசல் போட்டு மீன் பிடித்தல், காட்டுப் பொருள்களைச் சேகரித்துப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுதல், நூறு நாள் வேலை. கொஞ்சம் படித்த இளசுகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். இந்த வேலைகளில் தாள் இல்லாத வேலை ஒன்றுகூட இல்லை. எடைச் சீட்டு, வருகைப் பதிவேடு, முன்பணக் கணக்கு, வேலை அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். குறுஞ்செய்தி என்று ஏதோ ஒரு தாள் கூலியைத் தீர்மானிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சாமராஜநகர் மாவட்டத்தில் எழுத்தறிவு 61 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் தர்மபுரியில் 68.5; தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். ஆற்றுக்கு இரு கரையிலும், தன் கூலியை எழுதிவைத்திருக்கும் தாளைத் தானே படிக்க முடியாதவர்கள் ஏராளம்.

வேலை செய்கிறவர் வேலைக்கு வேண்டிய மொழியையும் எழுத்தையும் கணக்கையும் கற்க இதுவரை என்னென்ன பயிற்சிக் கருவிகள் உருவாகியிருக்கின்றன, அவை யாருக்குப் பயன்பட்டன, எங்கே நின்றுபோயின என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. தொழிலிடத்தில் புழங்குகிற தாள்களையே பாடமாக்கியவர்கள் மிகக் குறைவு. அந்தப் பாடத்தைக் கூலி நேரத்துக்குள் நடத்தியவர்கள் அதைவிடக் குறைவு.

தமிழ்த் தொழிலாளர் உலகில் வேலையிட மொழிக்கென்று தனியாகப் புத்தகம் எழுதும் வழக்கம் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அது 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் அந்தப் புத்தகங்கள் துரைமாருக்காக எழுதப்பட்டவை. 'இங்கே வா' என்ற கையேடு சின்னத்துரைகள் தொழிலாளியிடம் பேசத் தேவையான தமிழைக் கற்றுக்கொடுத்தது. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய 'கூலி தமிழ்' அதே வரிசையில் வந்தது. கவாத்து, கொழுந்து, எடை, பெயர்ப் பதிவு, கண்டிப்பு என்று வேலைக்கு வேண்டிய சொற்களை வைத்தே பாடம் அமைக்கிற வித்தை இவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மலாயாவிலும் துணைத் துரைமார் தமிழ்த் தேர்வு எழுதினார்கள். அதிகாரம் செய்கிறவருக்குத் தொழிலிட மொழிப் பயிற்சி கிடைத்தது. வேலை செய்கிறவருக்குக் கிடைக்கவில்லை.

தொழிலாளிக்குக் கிடைத்தது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் பட்டிருக்கும் கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு சீட்டு கங்காணியின் கைக்கு வரும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டில் எழுதியிருந்த தொகையைத் தொழிலாளி படித்துச் சரிபார்த்ததில்லை; பார்க்கவும் முடியாது. குடும்பங்கள் இந்தத் துண்டுச் சீட்டுகளோடு சேர்த்துத் தோட்டம் தோட்டமாகக் கைமாறின. 1921இல்தான் இலங்கை அரசு சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தது. படிக்கத் தெரியாத ஆளின் தலையில் படிக்க வேண்டிய தாளைக் கட்டுவதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

மைசூர் சமஸ்தானத்துக்குள்ளேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் பெரும்பாலும் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து போன தலித் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிந்து பட்டியலிடும் ஏற்பாட்டை எதிர்த்து அவர்கள் பெரும் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். தங்கள் பெயரில் எழுதப்படும் ஆவணம் தங்களை என்ன செய்யும் என்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கூர்மையாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அதே தங்கவயலில் எழுத்தை நாடிய வேட்கையும் இருந்தது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்தபின் 1920களில் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. பௌத்த சங்கங்களைச் சுற்றிப் படிப்பும் விவாதமும் வளர்ந்தன. சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள் பைசா கொடுத்துப் பத்திரிகை வாங்கினார்கள். அவர்களுடைய கல்வியில் சுரங்க முதலாளிக்கு எந்தப் பங்கும் இல்லை. தொழிலாளர் கல்வியின் வரலாற்றைப் பேசும்போது அரசுத் திட்டங்களின் பட்டியலோடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் இந்த மாதிரி சொந்த முயற்சிகளை மறைத்துவிடுகிறது.

கணக்கின் கதை வேறு. தொழிலுக்கான கணக்கைத் தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில் தமிழ்நாடு பழைய கை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து என்று மனப்பாடம் செய்தவை எல்லாம் உலக வாழ்க்கைக்கான கருவிகள். நெல் அளப்பதற்கு ஒன்று, பொன் நிறுப்பதற்கு ஒன்று, நிலம் அளப்பதற்கு ஒன்று. அரை, கால், அரைக்கால், மாகாணி, வீசம் என்று பின்னங்களை நாக்கிலேயே வைத்திருந்த மரபு அது. வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்தக் கணித மரபை விரிவாக ஆராய்ந்து 2022இல் நூலாக்கியிருக்கிறார். அந்தக் கல்வி எல்லோருக்கும் கிடைத்ததல்ல. கயிறு பிடித்து நிலம் அளந்தவர் ஒருவர், அளந்ததை ஓலையில் எழுதியவர் வேறொருவர். இருவரும் ஒரே கணக்கைச் செய்தார்கள். ஒருவருக்கு மட்டுமே அது சொத்தாயிற்று. இன்றைக்கும் குவாரியில் அந்தப் பிரிவினை மாறவில்லை.

ஒரு கல் குவாரியின் கணக்கைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஜல்லியும் மணலும் நம் ஊரில் யூனிட் கணக்கில் விற்கின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரித் தொட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 294 கன அடி. ஏறக்குறைய மூன்று யூனிட். ஏற்றுக்கூலி யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசியிருக்க, மேஸ்திரி இரண்டரை யூனிட் என்று எழுதினால் 44 கன அடிக்கான கூலி காணாமல் போகிறது. நாளுக்கு நான்கு லோடு என்றால் 176 கன அடி. ஒன்றே முக்கால் யூனிட். ஏற்றுகிறவருக்குக் குறைகிறது என்று தெரியும். தொட்டி நிரம்ப எத்தனை கூடை ஆகும் என்பது அவர் தோளுக்குத் தெரியும். எவ்வளவு குறைகிறது என்று எழுதிக் காட்டத்தான் தெரியாது. எழுதிக் காட்டாத புகாரை எந்தத் தொழிலாளர் அலுவலகமும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த மாதிரி வாய்க்கணக்கின் வலிமையைப் பிரேசிலில் 1980களில் ஆராய்ந்திருக்கிறார்கள். ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்கள், வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். அதே கணக்கைத் தாளில் எண்ணும் குறியுமாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கணக்குத் தெரியாதவர் என்று நாம் முத்திரை குத்துகிறவரில் பெரும்பாலோர் கணக்குத் தெரிந்தவர்களே. தாளின் முறைதான் அவர்களுக்கு அந்நியம். பயிற்சிப் பொருள் தயாரிப்பவர் இந்த ஒரு உண்மையை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் நாட்டு முதியோர் பாடநூல்கள் இதை ஏற்றுக்கொண்டனவா? தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கியபோது எழுத்தறிவு பெற்றவர் யார் என்பதற்குத் தெளிவான அளவுகோல் வைத்தது. வாய்விட்டு நிமிடத்துக்கு 30 சொல் படிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு நிமிடத்துக்கு 5 சொல் எழுத வேண்டும். கணக்கில் 100 வரை எண்கள், கூட்டல், கழித்தல், சிறு பெருக்கலும் வகுத்தலும், எடை, நீளம், பரப்பு, நேரம் ஆகியவற்றின் மெட்ரிக் அளவுகள், பின்னம் கலக்காமல் விகிதம், வட்டி பற்றிய பொதுவான அறிவு. மூன்று பாடநூல், சுமார் 200 மணி நேரம். அன்றைய நிலையில் இது சிறிய சாதனையல்ல. ஆனால் ஒரு சம்பளச் சீட்டை இந்த அளவுகோலின் பக்கத்தில் வையுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 10,000, மொத்தம் 12,000 என்றிருந்தால், பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,200, இ.எஸ்.ஐ. மொத்தத்தில் 0.75 சதவீதம், அதாவது 90. கைக்கு வர வேண்டியது 10,710. மிகைநேர வேலைக்குச் சட்டம் இரட்டைக் கூலி சொல்கிறது. நாள் கூலி 480 என்றால் மணிக்கு 60, மிகைநேரத்துக்கு 120. இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றவருக்கு 240 வர வேண்டிய இடத்தில் 120 எழுதியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சதவீதமும் தசமமும் வேண்டும். நம் பாடநூல் பின்னத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது. முக்கால் என்றால் சட்டென்று புரிகிற ஒரு பெண்ணுக்கு 0.75 என்று எழுதினால் புரியாமல் போவதற்கு அவரிடம் குறை எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டுகிற பாடம் அவருக்கு வாய்க்கவில்லை.

எழுத்தைத் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உலக அளவில் 1965இல் தெஹ்ரானில் கூடிய கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் வலுப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக யுனெஸ்கோ 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் செயல்முறை எழுத்தறிவுச் சோதனைகளை நடத்தியது. இந்தியாவில் அதே 1967–68இல் உழவர் எழுத்தறிவுத் திட்டம் வந்தது. புதிய நெல், கோதுமை ரகங்களைப் பயிரிடுகிறவர்களுக்கு உர அளவும் பூச்சிமருந்துக் கலவையும் எழுத்தோடு சேர்ந்து போயின. மும்பையில் அதே 1967இல் முதல் ஷ்ரமிக் வித்யாபீடம் பிறந்தது. ஆலைத் தொழிலாளரின் தொழில், மொழி, குடும்பம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற பள்ளி என்பது அதன் கனவு. 2000இல் அதன் பெயர் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் ஆயிற்று; 2018இல் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. தையல், அழகுக்கலை, மின்வேலை என்று தொழில் பயிற்சி வளர்ந்த அளவுக்கு எழுத்தும் கணக்கும் அதில் வளரவில்லை என்பது என் மதிப்பீடு. யுனெஸ்கோவின் சோதனையும் 1976இல் வெளியான மதிப்பாய்வில் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது. உற்பத்தி பெருகினால் போதும் என்று பார்த்த பார்வை கற்பவரை மறந்துவிட்டது என்பதே அதன் சாரம். அதற்கு முன்பே, 1963இல், பாவ்லோ ஃப்ரெய்ரே பிரேசிலின் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களோடு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்தைத் தொடங்கிவைத்துக் காட்டியிருந்தார். கட்டட வேலை செய்கிறவருக்குச் செங்கல் என்ற சொல்லிலிருந்து பாடம் தொடங்கியது. செங்கல் யாருடையது, வீடு யாருக்கு என்ற பேச்சும் அதிலேயே வந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு மிக அருகில் வந்தது புதுக்கோட்டை. அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கினார்கள். கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. களத்து மேட்டில், கோயில் திண்ணையில், தெரு விளக்கின் கீழ் வகுப்பு நடந்தது. அந்த மாவட்டத்தின் சிறப்பு, கல்வியை வேலையிலிருந்து பிரிக்காததில் இருந்தது. கல்லுடைக்கும் பெண்களும் செயற்கை ரத்தினக் கல் பட்டை தீட்டும் பெண்களும் அங்கே பெருந்தொகை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்தபோது, அரசுக் குவாரிகளின் குத்தகை அவர்களுக்கே கொடுக்கப்பட்டது. குத்தகை கைக்கு வந்ததும் எழுத்தின் தேவை மாறிவிட்டது. நடைச்சீட்டு எழுத வேண்டும், லோடு எண்ண வேண்டும், வங்கியில் கையெழுத்துப் போட வேண்டும், கூலியைப் பிரிக்க வேண்டும். பாடநூலின் எழுத்துக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது.

சைக்கிளும் அப்படித்தான். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை அறிவொளி தன் பாடத்தோடு சேர்த்துக்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். வெளியூர்க்காரர்கள் அதை ஒரு அழகான காட்சியாகப் பார்த்தார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது நேரம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு மணி நேரம் மிச்சமானால், வகுப்புக்கு வர அந்த ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து இந்த அனுபவத்தை 1996இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்கள். ஆனால் இயக்கத்தின் வேகம் அதே அளவில் நீடிக்கவில்லை. எழுத்தைப் பயன்படுத்த வேலை இருந்த இடத்தில் கற்றது நிலைத்தது. வேலை இல்லாத இடத்தில் மங்கிப்போனது. புதுக்கோட்டையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். வருத்தம் என்னவென்றால், பின்னால் வந்த திட்டங்கள் கலைப்பயணத்தையும் உறுதிமொழியையும் எடுத்துக்கொண்டன. குவாரிக் குத்தகையை விட்டுவிட்டன.

மொழிக்கு வருவோம். பாலாறு போன்ற எல்லைப்புறத்தில் இதுவே முதல் சிக்கல். தொழிற்சாலையில் ஒட்டப்படும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. பெரும்பான்மை என்ற சொல்லுக்குள் சிறுபான்மை காணாமல் போகிறது. திருப்பூரில் தமிழ் அறிவிப்பின் கீழே ஒடியாக்காரர் நிற்கிறார். சாமராஜநகர் கருங்கல் குவாரியில் கன்னட அறிவிப்பின் கீழே தமிழர் நிற்கிறார். 1979இல் வந்த மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தது. ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும். வேலை இடம், காலம், கூலி விகிதம், பிடித்தம் ஆகியவை இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளியின் மொழி அவை அல்லாவிட்டால் அவருடைய மொழியிலும் எழுதப்பட வேண்டும். கூலித் தொழிலாளிக்கு அவர் தாய்மொழியிலேயே ஒரு பாடநூலைச் சட்டம் கட்டாயமாக்கியது என்றே இதைப் படிக்கிறேன். அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் அரிது. இப்போது அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

கேரளம் வேறு வழியில் போனது. அம்மாநில எழுத்தறிவு ஆணையம் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' திட்டத்தைத் தொடங்கியது. அங்கே பிளைவுட் ஆலைகளில் வேலை செய்யும் வங்காளிகள், அசாமியர், ஒடியர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலைத் தயாரித்தார்கள். வந்தவர்களுக்கு உள்ளூர் மொழியைச் சொல்லித்தருவது அரசின் பொறுப்பு என்று ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டது என்பதே பெரிய செய்தி. தமிழகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுத் தருகிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜை அருகே நிற்கும் ஒடியா இளைஞருக்கு உரிய தமிழ்ப் பாடத்தைத் தேடினால் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது.

பாலாற்றிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் மைசூர். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 ஜூலையில் அங்கே தொடங்கியது. அதன் தென்மண்டல மொழி மையம் பள்ளி ஆசிரியர்களுக்குப் பத்து மாதப் பயிற்சியில் தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு கற்பிக்கிறது. வேற்று மொழி கற்பிக்கும் முறையில் இந்தியாவின் தேர்ந்த அறிவு அங்கே சேர்ந்திருக்கிறது. ஆசிரியருக்குச் சம்பளத்தோடு பத்து மாதம் கிடைக்கிறபோது, சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் பக்கத்துக் குவாரியில் கன்னடமும் தமிழும் கலந்து வேலை வாங்கப்படுகிற ஆளுக்குப் பத்து நாள்கூட இல்லை. அந்த அறிவைக் கொண்டு குவாரிக்கு ஒரு சிறு கையேடு எழுதுவது பெரிய காரியமில்லை. 'ஒதுங்கு', 'வெடி வைக்கப்போகிறோம்', 'கயிறு அறுகிறது', 'எனக்கு அடிபட்டுவிட்டது', 'இந்த எடை தப்பு' என்று உயிரையும் கூலியையும் காக்கிற ஐம்பது அறுபது வாக்கியங்கள் கன்னடத்திலும் தமிழிலும் அடுத்தடுத்து இருந்தால் போதும்.

சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளி பாதுகாப்புப் பயிற்சியைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே தேர்வு எழுத முடிகிறது. வேலை அனுமதிக்கான முன்கடிதம் அவர் தாய்மொழியில் அவர் கைக்கு வர வேண்டும். 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டும் அங்கே கட்டாயம். அங்கும் கூலிப் பாக்கி வழக்குகள் உண்டு. ஆனால் வழக்குக்குப் போகிறவர் கையில் தான் படிக்கக்கூடிய தாள் இருக்கிறது.

கற்றுக்கொடுப்பவருக்கு என்ன பயிற்சி? இதில் ஆஸ்திரேலியா முன்னால் நடந்தது. 1991 முதல் 2014 வரை அங்கே தொழிலிட ஆங்கிலமும் எழுத்தறிவும் கற்பிக்க முதலாளிகளுக்கு அரசு நிதி கொடுத்தது. கற்றல், வாசிப்பு, எழுத்து, பேச்சு, கணக்கு என்று ஐந்து திறன்களை ஐந்து நிலைகளாகப் பிரித்து ஒரு சட்டகம் உருவாக்கினார்கள். வெல்டிங் சொல்லிக்கொடுப்பவரும் சமையல் சொல்லிக்கொடுப்பவரும் தன் பாடத்தில் எவ்வளவு வாசிப்புச் சுமை, எவ்வளவு கணக்குச் சுமை இருக்கிறது என்று அளந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் படிப்பிலேயே அதை ஒரு காலகட்டத்தில் கட்டாயமாக வைத்தார்கள். நம்மிடம் சென்னை கிண்டியில் 1986 முதல் தேசியப் பயிற்றுப் பொருள் நிறுவனம் இருக்கிறது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான தொழிற்பட்டறைக் கணக்கு நூல்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. நல்ல நூல்கள், ஆனால் எட்டாவதோ பத்தாவதோ தேறி ஐ.டி.ஐ. வாசலுக்கு வந்தவருக்கு. வாசலுக்கே வராதவருக்கு ஒன்றும் இல்லை. மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் தங்கள் வாய்ப்பேச்சில் எவ்வளவு பேருக்குப் புரியாமல் போகிறது என்று சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியும் இல்லை. கட்டட வேலையிடங்களில் காலையில் பத்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சு நடக்கிறது. பெரும்பாலும் ஒருவர் படிக்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நாளுக்கு ஒரு சொல்லும் ஒரு கணக்கும் சேர்த்தால் வருடத்தில் ஐம்பது மணி நேரம் வரை கிடைத்துவிடும்.

எல்லாம் கடைசியில் நேரத்திலும் பணத்திலும் வந்து நிற்கிறது. இப்போது நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரையிலானது. ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய், இலக்கு 5 கோடிப் பேர். வகுத்தால் தலைக்குச் சுமார் 208 ரூபாய். கற்பிப்பவர் தன்னார்வலர். இனி கற்பவர் பக்கத்திலிருந்து கணக்குப் போடுவோம். 200 மணி நேரம் படிக்க வேண்டும். நாள் கூலி 400 ரூபாய், எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 50. அந்த 200 மணி நேரத்தின் மதிப்பு 10,000 ரூபாய். அரசு 208 கொடுக்கிறது. கற்பவர் 10,000 கொடுக்கிறார். இரவு வகுப்பு என்றால் கூலி போகாது என்பார்கள். குவாரியிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து முடித்த பெண்ணிடமிருந்து அந்த நேரம் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வகுப்புக்கு ஆள் வருவதில்லை என்று அதிகாரிகள் எழுதுகிற அறிக்கைகளில் இந்தக் கணக்கு இருப்பதில்லை.

பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் இதைப் புரிந்துகொண்டு போராடின. 1998இல் சங்கக் கற்றல் நிதி தொடங்கியது. 2002 சட்டம் சங்கத்தின் கற்றல் பிரதிநிதிகளுக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்கும் உரிமை கொடுத்தது. சக தொழிலாளியே பக்கத்தில் வந்து, படிக்கத் தெரியவில்லை என்பதைச் சங்கடமில்லாமல் சொல்ல வைத்தார். இங்கிலாந்தில் அந்த நிதியை 2021இல் நிறுத்திவிட்டார்கள். நம் சங்கங்கள் போனஸுக்கும் நிரந்தரத்துக்கும் போராடியிருக்கின்றன; படிக்கும் நேரத்துக்காகப் போராடிய சங்கம் என்று சட்டென்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

முதலாளிக்கு இதனால் நட்டம் என்று வாதிடுகிறவர்களுக்குப் பெங்களூரிலிருந்தே பதில் இருக்கிறது. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர மேலாண்மை, பணக் கணக்கு முதலியவற்றில் நடந்த பயிற்சியை அச்சுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பயிற்சி முடிந்த எட்டு மாதத்துக்குள் நிறுவனத்துக்குப் போட்ட பணத்தின் மேல் சுமார் 250 சதவீத லாபம் கிடைத்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். பயிற்சி பெற்ற பெண்களின் கூலியோ மிகச் சொற்பமாகவே உயர்ந்தது. முதலாளி செலவு செய்ய அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இந்த ஆய்வைக் காட்டலாம். பயிற்சியின் பலன் தொழிலாளியின் சீட்டிலும் ஏற வேண்டும் என்று பேரம் பேசவும் இதையே காட்ட வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு இடம் கண் முன்னே இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நலனுக்கென்று 1996 சட்டங்கள் வகுத்த வழியில், கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீதம் தீர்வையாக வசூலாகிறது. இரண்டு மாநிலங்களிலும் நலவாரியங்கள் இருக்கின்றன. அந்த நிதியைச் செலவிட 1996 சட்டம் சொன்ன இனங்களில் ஓய்வூதியம், விபத்து உதவி, வீட்டுக்கடன், மகப்பேறு உதவி, தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எல்லாம் வந்தன. தொழிலாளியின் கல்வி பெயர் சொல்லி வரவில்லை. வேறு நலத்திட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பொதுவிதி ஒன்று கடைசியில் இருந்தது. அத்தகைய பொதுவிதியின் கீழ்த் திட்டம் வகுக்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம், வேலையிடத்திலேயே, அந்த இரண்டு மணி நேரக் கூலியை வாரியம் கொடுக்கிற ஏற்பாட்டில், அவரவர் கையிலிருக்கும் வேலை அட்டையையும் சம்பளச் சீட்டையும் வைத்துப் பாடம் நடத்த அந்த விதியே போதும். வருடத்துக்கு நூறு மணி நேரம் ஆகிறது. ஒரு தொழிலாளிக்கு 5,000 ரூபாய். மேட்டூர்ப் பக்கத்து வாரிய அலுவலகமும் கொள்ளேகால் பக்கத்து அலுவலகமும் ஒரே பாடநூலை இரு மொழியிலும் அச்சடித்தால், பாலாற்றுப் பாலத்தின் எந்தப் பக்கம் வேலை கிடைத்தாலும் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம்.